மூஞ்சியப் பாத்து விஷம் கணக்குப் போடாத

வாடா பேராண்டி, உட்காரு. கயித்துக் கட்டில்ல வேணாம், ஒரு கால் ஆடுது. திண்ணையிலயே உட்காரு. ராத்திரி தெருவையே எழுப்பிட்டியாமே? பாத்ரூம் ஓரத்துல பத்துக் காலோட ஒண்ணு ஓடுச்சாம், நீ கட்டில் மேல ஏறி நின்னுக்கிட்டு "ஈராக் சிலந்தி, ஈராக் சிலந்தி"ன்னு கத்தினியாம். உங்கப்பன் தொடப்பத்தோட வந்தான். பக்கத்து வீட்டுக்காரன் மண்ணெண்ணெயோட வந்தான். எதிர் வீட்டுக்காரன் செல்போனோட வந்தான். பூச்சி ஒருத்தரையும் தொடல. தொடப்பம் பட்டு ட்யூப்லைட் போச்சு. மண்ணெண்ணெய் கொட்டுன தரையில உங்க ஆயா வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறா. சேதாரம் பூராவும் மனுசன் கணக்குலதான் ஏறியிருக்குது, பூச்சி கணக்குல ஒத்த ரூபா இல்ல.

விடிஞ்சா நீ அனுப்பினது வாட்ஸ்அப்ல வந்திருச்சு. 'கடத்தூரில் பாலைவன விஷச் சிலந்தி! கடித்தால் இரண்டே நிமிடத்தில் மரணம்! அனைவருக்கும் பகிரவும்!' பொம்மிடியில இருந்து ஒருத்தன் எனக்கு அனுப்புறான், அரூர்ல இருந்து ஒருத்தன் அனுப்புறான், திருப்பூர் பனியன் கம்பெனியில இருந்து உங்க மாமன் வேற குரல்ல அழுது அனுப்புறான். ரெண்டு நிமிசத்துல சாவுன்னா, ராத்திரி வந்த பூச்சிக்கு விடியிற வரைக்கும் ஊர்ல ஒரு எழவு கூட விழலையே, அது ஏன்னு கேக்கறதுக்கு ஒரு ஆள் இல்ல. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் பேயைப் படம் புடிச்சு நாலு பேருக்கு அனுப்புற வசதி மட்டும்தான் புதுசா வந்திருக்குது.

நீ பயந்ததைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலடா. பயம் நல்லது. பயம் இருந்ததாலதான் நான் இத்தனை வயசு வரைக்கும் திண்ணையில உக்காந்து வம்பளக்கிறேன். ஆனா பயப்படறதுக்கும் ஆள் பாக்கணும். உனக்கு ஆள் பாக்கத் தெரியல. அதைத்தான் இன்னைக்குச் சொல்லித் தரப் போறேன். காசு வேணாம், கடைசியில ஒரு சின்னக் கூலி மட்டும் கேப்பேன்.

அந்தத் துண்டை மெதுவா எடு. எடுடா, பயப்படாத. கண்ணாடி டம்ளர் கவுத்து வெச்சிருக்கிறேன், உள்ள இருக்கிறது உன்னோட ஈராக் சிலந்தி. உங்க வீட்டுல இருந்து உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடி வந்து, எங்க மாட்டுக் கொட்டாய்ல சோளத்தட்டுக்கு அடியில ஒளிஞ்சுக்கிச்சு. பாவம், மனுசங்களைப் பாத்து அதுவும் அரண்டு போயிருக்குது. துண்டைப் போட்டு மூடினது எதுக்குன்னா, வெளிச்சம் அதுக்கு ஆகாது. ராத்திரிதான் அதோட பகல்.

முதல்ல இது சிலந்தியே இல்ல. ஒட்டகச் சிலந்தின்னு பேரு, அவ்வளவுதான். சிலந்தி, தேள், உண்ணி எல்லாம் ஒரே வகையறா. இதுவும் அந்த வகையறாதான், ஆனா பாகம் பிரிச்சுக்கிட்டுத் தனியாப் போன பங்காளி. சிலந்தி நூல் விடும், இதுக்கு நூலே கிடையாது, வலை பின்னத் தெரியாது. தேளுக்கு வால்ல கொடுக்கு இருக்கும், இதுக்கு வாலே கிடையாது. உலகத்துல 1,100 தினுசுக்கு மேல இருக்குதாம். நம்ம நாட்டுல பாக்குறதுல நெட்டைக் கால், வைக்கோல் நிறம், உடம்பெல்லாம் ரோமம்னு ஒரு கூட்டம். அதைக் கேலியோடஸ்னு படிச்சவங்க சொல்றாங்க. கட்டைக் கால், உருண்ட உடம்புன்னு இன்னொரு கூட்டம், அது ராகோடஸ் வகையறா. இங்க இருக்கிறது நெட்டைக் கால்.

பத்துக் கால்னு கத்தினியே, எண்ணிப் பாத்தியா? நெசமான காலு எட்டுதான். முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்குதே ரெண்டு, அது கால் மாதிரி வேசம் போடுற கை. அதோட நுனியைப் பாரு. கண்ணாடியைத் தொடும்போது வெள்ளையா ஒரு மெத்தை வெளியில வருது பாத்தியா? அது ஒட்டிக்கும். அந்தக் கையால கண்ணாடி மேலயே ஏறிடும், பறக்கிற பூச்சியைத் தொட்டு இழுத்துக்கும். அதுக்குப் பின்னால மெல்லிசா ஒரு சோடிக் கால் இருக்குது, அது ஓடறதுக்கு இல்ல, தடவிப் பாக்குறதுக்கு. ஓட்டம் பூரா மீதி ஆறு கால்லதான். பத்துன்னு நீ பயந்ததுல நாலைக் கழிச்சுக்க. ரேஷன் கடையில கூட இவ்வளவு கழிவு கிடைக்காது.

இன்னும் கிட்ட வா. மண்டையில நடு முன்னாடி ஒரு மேடு, அதுல கடுகளவுல ரெண்டு கண்ணு. உன்னைப் பாத்து முறைக்குதுன்னு நெனச்சியா? அதுக்கு நீ ஒரு பெரிய இருட்டு, அவ்வளவுதான். அதுக்கு முன்னால இருக்கிறதுதான் உன்னைக் கட்டில் ஏத்தினது. அந்தத் தாடை. உடம்புல மூணுல ஒரு பங்கு தாடைக்கே போகுது. ஒரு தாடை இல்ல, பக்கத்துல பக்கத்துல ரெண்டு. ஒவ்வொண்ணுலயும் மேல ஒரு விரல், கீழ ஒரு விரல். மேல இருக்கிறது அசையாது, கீழ இருக்கிறதுதான் மேல வந்து கடிக்கும். சாப்பிடும்போது ஒரு தாடை முன்னாடி போனா இன்னொண்ணு பின்னாடி வரும். மாத்தி மாத்தி அறுக்கும். கோவம் வந்தா ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு உரசிச் சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எதிர் வீட்டுக்காரன் வீடியோவைப் பாதியில நிறுத்திட்டு ஓடிட்டான்.

கடைசிக் காலுக்கு அடியில பாத்தா, பக்கத்துக்கு அஞ்சா, காம்பு வெச்ச சின்னச் சின்ன மட்டை தொங்கும். அது வேற எந்தப் பூச்சிக்கும் கிடையாது. அதால தரையை மோந்துக்கிட்டே போகும். மூக்கைக் கால்ல வெச்ச ஆண்டவன், நம்ம ஆளுங்களுக்கு மூக்கைப் பக்கத்து வீட்டுல வெச்சுட்டான்.

இப்போ விஷத்துக்கு வருவோம். அதுக்குத்தானே வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கிற. விஷப்பல்லுன்னா உள்ள ஓட்டை இருக்கணும், பின்னால பை இருக்கணும். பாம்புக்கு இருக்குது, சிலந்திக்கு இருக்குது. இது தாடைக்குள்ள அந்த மாதிரி குழாய் எதுவும் கிடையாது. ஆனா ஒண்ணு, எல்லாத்தையும் தெரிஞ்ச மாதிரி தீர்ப்பு சொல்லக் கூடாது பாரு. 1978ல அருச்சாமி, சுந்தர ராஜுலுன்னு நம்ம பக்கத்து ஆராய்ச்சிக்காரங்க ரெண்டு பேரு, ராகோடஸ் நைக்ரோசிங்டஸ்ங்கற கட்டைக்கால் தினுசைப் பரிசோதிச்சாங்க. அதோட தோலுக்கு அடியில விஷச் சுரப்பி இருக்குதுன்னு எழுதினாங்க. அந்தச் சாறை எடுத்துப் பல்லிகளுக்கு ஊசி போட்டாங்க, பல்லி பலது முடங்கிப் போச்சு. உலகம் பூரா இந்தப் பூச்சியைப் பத்தி எழுதுறவன் எவனா இருந்தாலும் இன்னைக்கு வரைக்கும் அந்த ஒரு கட்டுரையைத்தான் எடுத்துக் காட்டறான். ஆனா அதுக்கப்புறம் எவனும் அதைத் திரும்பச் செஞ்சு ஆமாம்னு சொல்லல. அந்தச் சாறை எந்த வழியா அது இரைக்குள்ள இறக்கும்னும் ஒருத்தரும் காட்டல. அதனால கேசு நிலுவையில இருக்குது. நம்ம ஊரு நிலத் தகராறு கேசு போல வாய்தா மேல வாய்தா. தீர்ப்பு வர்ற வரைக்கும் குற்றவாளின்னு சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்குதா இல்லியா? நீ தீர்ப்பு எழுதினது மட்டுமில்லாம தூக்கு மேடையும் நட்டு வெச்சுட்ட.

கடிக்காதான்னு கேட்டா, கடிக்கும். கையில புடிச்சு நசுக்குனா நான் கூடத்தான் கடிப்பேன், எனக்குப் பல்லு இல்லாததால நீ தப்பிச்ச. பெருசா இருந்தா தோலைக் கிழிச்சு ரத்தம் வர வெச்சுடும், வலிக்கும். சோப்புப் போட்டுக் கழுவணும். அழுக்குப் பட்டுச் சீழ் வெச்சா ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவ்வளவுதான் கதை. ரெண்டு நிமிசத்துல சாவு இல்ல.

"தாத்தா, அது என்னைத் துரத்துச்சு"ன்னு சொல்றியா? எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. ஈராக்குக்குப் போன அமெரிக்கச் சிப்பாயும் இதையேதான் சொன்னான். அது உன்னைத் துரத்தலடா, உன் நெழலைத் தேடுது. வெயில் ஆகாத பிராணி, பட்டப்பகல்ல பொந்தை விட்டு வெளிய வந்து மாட்டிக்கிச்சுன்னா எங்க இருட்டு இருக்குதுன்னு பாக்கும். நீ நிக்கிற, உன் காலடியில நெழல் இருக்குது. உள்ள வருது. நீ அலறி ஓடற, நெழலும் ஓடுது, நெழலுக்குப் பின்னாலயே அதுவும் ஓடுது. நீ ஓடினா அது ஓடும், நீ நின்னா அதுவும் நிக்கும். நெழலுக்காகப் பெரிய ஆளுங்க பின்னால ஓடறவங்களை நீ பாத்ததே இல்லியா? தேர்தல் வந்தா மண்டப வாசல்ல நின்னு பாரு. அவங்களையும் யாரும் விஷம்னு சொல்றதில்ல, தொண்டன்னுதான் சொல்றாங்க.

ஓட்டத்தைப் பத்திக் கேளு. மணிக்கு 40 கிலோமீட்டர்னு உன் மெசேஜ்ல போட்டிருக்குது. உங்கப்பனோட எக்ஸ்எல் வண்டி மூட்டை ஏத்தினா அந்த வேகம் வராது. படிச்சவங்க மேல போய்ப் போட்ட கணக்கே மணிக்கு 16 கிலோமீட்டர்தான். ஆனா அந்த உடம்புக்கு அது பெரிய ஓட்டம், இல்லைன்னு சொல்ல முடியாது. உடம்பு பூரா மூச்சுக் குழாய் கிளை விட்டுப் போகுது, அதனால சீக்கிரம் இளைப்பு வராது. ஓடி ஓடித்தான் இரை புடிக்கணும். உக்காந்த இடத்துல வலை விரிச்சுக் காத்திருக்கிற சாமர்த்தியம் அதுக்குக் கிடையாது. நம்ம ஊர்ல அந்தச் சாமர்த்தியம் வட்டிக்கு விடறவனுக்குத்தான் இருக்குது.

இப்போ அந்த மெசேஜோட சுத்துற போட்டோ. ஒரு சிப்பாய் கையில பாதி ஆள் உசரத்துக்கு ஒண்ணு தொங்குதே, அது 2004ல கிளம்பினது. நீ அப்போ பொறக்கவே இல்ல, ஆனா அது இன்னும் சுத்திக்கிட்டு இருக்குது. அதை உத்துப் பாத்தா ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணை ஒண்ணு கவ்விக்கிட்டுத் தொங்குது. அதைக் கேமரா மூஞ்சிக்கு முன்னால நீட்டிப் புடிச்சுட்டான், ஆளு பின்னால நிக்கிறான். பூச்சி பெருசாத் தெரியும், ஆளு சின்னதாத் தெரிவான். வாணியாறு அணையில விரல் நீளக் கெண்டையைப் புடிச்சு, கையை நீட்டி போட்டோ எடுத்து அஞ்சு கிலோ மீனுன்னு ஸ்டேட்டஸ் போட்டியே, நீயா இதை நம்பின? நெசத்துல பெரிய தினுசுக்கே கால் விரிச்சா 15 சென்டிமீட்டர் தேறும். உன் ஸ்கேல்ல பாதி. உடம்பு மட்டும்னா உன் விரல் நீளம்.

தூங்குற சிப்பாய்க்கு மயக்க மருந்து போட்டுட்டுச் சதையைத் திங்குதாம், ஒட்டகத்து வயித்தைக் கிழிச்சு உள்ள போகுதாம். மயக்க மருந்து போடற பை எங்கடா இருக்குது அதுக்கு? ஒட்டகத்துக்கும் அதுக்கும் சண்டை சச்சரவு ஒண்ணும் கிடையாது. அப்படியே இருந்தாலும் கடத்தூர்ல ஒட்டகத்துக்கு எங்க போகும்? தென்னாப்பிரிக்காவுல இன்னொரு கதை இருக்குது. தூங்கறவங்க தலைமுடியை வெட்டிக்கிட்டுப் போய்ப் பொந்துல மெத்தை போடுதாம், அதனால அங்க 'முடி வெட்டி'ன்னே அதைக் கூப்பிடறாங்க. என் தலையைப் பாரு. இந்த வகையில நான் ரொம்பப் பாதுகாப்பான ஆளு.

எல்லாப் பட்டாளமும் பயந்துச்சுன்னு சொல்லிட முடியாது. முதல் உலகப் போர் நடந்தப்போ எகிப்துல அபூகிர்ங்கற எடத்துல இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க, இதைப் பெட்டியில அடைச்சு வளத்தாங்க. ஒருத்தன் பூச்சியை இன்னொருத்தன் பூச்சியோட மோத விட்டுப் பந்தயம் கட்டினாங்க. நம்ம ஊர்ல சேவக்கட்டுன்னா போலீசு வரும். அங்க கட்டினதே சர்க்கார் படை, யாரு போய்ப் புடிக்கிறது?

சாப்பாட்டு விசயத்துக்கு வருவோம். ஈசல், கரையான், வண்டு, வெட்டுக்கிளி, பூரான், தேளு, சின்னப் பல்லின்னு பேதம் பாக்காம திங்கும். கவனி, தேளையும் திங்கும். நேத்து நீ தொரத்தினது உன் வீட்டுத் தேளுக்கு எமன். அது வாயில அகப்பட்ட ஈசலை முதல்ல அறுக்கும், அறுத்துக் கூழாக்கும், சாறை மட்டும் உறிஞ்சிட்டு ஓட்டைத் துப்பிடும். 1843லயே ஹட்டன்னு ஒரு கும்பினிப் பட்டாளத்து கேப்டன், நம்ம நாட்டுல இருந்துக்கிட்டு இதை வளத்துப் பாத்து எழுதி வெச்சிருக்கிறாரு. பல்லி ஒண்ணை உள்ள விட்டாராம். தோள்பட்டைக்குப் பின்னால கவ்வினது விடவே இல்ல, தாடையெலும்பும் கொஞ்சம் தோலும்தான் மிச்சம். தின்னு தின்னு வயிறு ஊதி, நகர முடியாமக் கிடக்குமாம். கல்யாணப் பந்தியில மூணாவது எலைக்கும் உக்காந்துட்டு, எழுந்திரிக்கக் கைத்தாங்கலுக்கு ஆள் தேடற உங்க பெரியப்பன் ஞாபகம் எனக்கு வந்துச்சு. அவரை யாரும் தொடப்பத்தால அடிக்கல, மொய் வெச்சிருக்கிறாரேன்னு விட்டுட்டாங்க.

உன் வீட்டுக்கு அது எதுக்கு வந்துச்சுன்னு இப்போ புரியுதா? உன்னைத் தேடி வரல. வாசல்ல பளபளன்னு வெள்ளை எல்இடி பல்பு ஒண்ணு மாட்டி விடிய விடிய எரிய விடற. வெளிச்சத்துக்குப் பூச்சி வருது. பூச்சிக்கு இது வருது. நீ பந்தி போட்டுட்டு, சாப்பிட வந்தவனைத் திருடன்னு கத்தற.

அதோட குடும்ப வாழ்க்கையையும் கேட்டுக்க, நாளைக்குக் கல்யாணம் ஆகப் போறவன். ஆம்பளை கொஞ்சம் மெலிஞ்ச உடம்பு, நீளக் காலு. பொம்பளையைத் தேடிப் போயி மெதுவாத் தொட்டுத் தடவும். அவ ஒத்துக்கிட்டா மயங்கினவ மாதிரி அசையாமப் படுத்துடுவா. இவன் தன் தாடையாலயே வித்தை அவகிட்டச் சேர்த்துட்டு, காரியம் முடிஞ்ச மறு விநாடி ஓட்டம் புடிப்பான். ஏன் ஓடறான்னா, அவ முழிச்சுக்கிட்டா இவன் சாப்பாடு ஆயிடுவான். மாப்பிள்ளைக்கு விருந்து வெக்கிறது நம்ம வழக்கம், மாப்பிள்ளையையே விருந்தாக்குறது அவங்க வழக்கம். எங்க வீட்டுக் கிழவி உள்ள இருந்து கேட்டுக்கிட்டு இருக்கிறா, அதனால இதுக்கு மேல நான் பேசல. ஒண்ணு மட்டும் சொல்றேன், அவ மயங்கிப் படுத்து நான் பாத்ததே இல்ல.

சிரிக்காத, அடுத்ததைக் கேளு. பொம்பளை அதுக்கப்புறம் வயிறு நிறையத் தின்னுட்டு, தாடையால மண்ணைக் கடிச்சுக் கடிச்சுப் பேத்து, காலால தள்ளிப் பொந்து பறிக்கும். அம்பது, நூறு, சிலது எரநூறு வரைக்கும் முட்டை வெக்கும். அந்த ஹட்டன் துரை வளத்ததுல ஒரு தாய், முட்டை பக்கத்துலயே அசையாமக் கிடந்துச்சாம். பொரிச்ச குஞ்சும் உடனே ஓடாது. தோல் உரிக்கிற வரைக்கும் கட்டையாக் கிடக்கும், அப்புறம்தான் கால் முளைச்சு உலகத்தைப் பாக்கும். பெரும்பாலானதுக்கு ஆயுசே ஒரு வருசம் சொச்சம்தான். நீ தொடப்பம் எடுக்கிறது அந்த ஒரு வருசத்துல ஒரு ராத்திரியை. அமெரிக்காவுல நிலக்கரிப் படிவத்துல கல்லாய்ப் போன ஒண்ணு கிடைச்சிருக்குது, 30 கோடி வருசத்துக்குப் பழசு. உன் தாத்தனுக்குத் தாத்தன் மரத்துல தாவுறதுக்கு முன்னாலயே அது கரட்டுல ஓடிக்கிட்டு இருந்திருக்குது. யாரு யாரு வீட்டுக்குள்ள புகுந்தாங்கன்னு பட்டா எடுத்துப் பாத்தா உனக்குத்தான் வில்லங்கம் வரும்.

சரி, பயப்படறதுக்கு ஆள் காட்டறேன்னு சொன்னேனே, இப்போ காட்டறேன். நம்ம கொல்லையில கல்லைப் புரட்டினா ரெண்டு தேளு வரும். கன்னங்கரேர்னு உள்ளங்கை அகலத்துக்கு, இடுக்கியைத் தூக்கிக்கிட்டு வர்றதைப் பாத்து நீ ஓடுவ. அது வலிக்கும், ஆனா பெரும்பாலும் அதோட போயிடும். செங்கல் நிறத்துல, விரல் நீளத்துக்கு, மெல்லிசா இடுக்கி வெச்சுக்கிட்டு சத்தமே இல்லாமப் போகுது பாரு செந்தேளு, அதைப் பாத்தா நீ சின்னப் பூச்சின்னு விட்டுடுவ. அதுதான் கொல்லும். கொட்டினா வியர்த்துக் கொட்டும், கை கால் சில்லிட்டுப் போகும், நெஞ்சு படபடக்கும், நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். சின்னப் புள்ளைங்க தாங்காது. மராட்டியத்துல மகாடுங்கற ஊர்ல ஹிம்மத்ராவ் பாவஸ்கர்னு ஒரு டாக்டரு, கிராமத்து ஆஸ்பத்திரியில இருந்துக்கிட்டே, ரத்தக் கொதிப்புக்குக் குடுக்கிற பிரசோசின் மாத்திரை இதுக்குக் கேக்குதுன்னு கண்டுபுடிச்சாரு. நூத்துக்கு நாப்பது பேரு செத்துக்கிட்டு இருந்தது, ஒண்ணுங்கற அளவுக்குக் கொறைஞ்சது. 2022ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவரைப் பத்தி உனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சா? வந்திருக்காது. உசுரைக் காப்பாத்துற சேதிக்குக் கால் கிடையாது, பத்துக் கால் பூச்சிக்குத்தான் வேகம்.

இன்னொண்ணு கட்டுவிரியன். பளபளன்னு, கறுப்புல வெள்ளைக் கட்டுப் போட்டுக்கிட்டு, பாக்க அழகா இருக்கும். ராத்திரி தரையில பாய் விரிச்சுத் தூங்கறவன் பக்கத்துல வந்து கடிச்சுட்டுப் போயிடும். கடிச்ச எடத்துல வீக்கம் இல்ல, வலி கூடச் சரியா இல்ல. எறும்பு கடிச்சுதுன்னு திரும்பிப் படுப்பான். விடியக்காலையில வயித்து வலி, கண் இமை தூக்க முடியல, மூச்சு நிக்குது. இதுக்கு மந்திரமும் வேப்பிலையும் வேலைக்கு ஆகாது, ஆஸ்பத்திரி ஊசிதான். அந்த ஊசிக்கு விஷம் எடுத்துக் குடுக்கிறது, செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில இருளர்ங்க நடத்தற கூட்டுறவுச் சங்கம். அதைத் தொடங்கினதும் அதே 1978தான். நம்ம தமிழ்நாட்டுக்காரங்க விஷத்தைப் பத்தி ஒழுங்கா யோசிச்ச வருசம் போல இருக்குது. அதுக்கப்புறம் எல்லாரும் பார்வேர்ட் பண்ணப் போயிட்டாங்க.

கணக்குப் புரிஞ்சுதா? ரோமம், தாடை, பத்துக் காலு, இரைச்சல் எல்லாம் இருக்கிறவன்கிட்ட ஆளைக் கொல்ற சரக்கு இல்ல. அடக்கமா, அழகா, சத்தம் இல்லாம வர்றவன்கிட்டத்தான் சரக்கு இருக்குது. இது பூச்சிக்கு மட்டும்னு நெனச்சுக்காத. பொண்ணு பாக்கப் போறப்பவும் சீட்டுக் கட்டப் போறப்பவும் இதையே ஞாபகம் வெச்சுக்க. முரட்டுக் கொரல்ல கத்தறவன் உன் காசைத் திருப்பித் தந்துடுவான். 'தம்பி, அண்ணன் இருக்கிறேன்'னு தோள்ல கை போடறான் பாரு, அவனைப் பாத்துக் கட்டில் மேல ஏறி நில்லு.

செய்ய வேண்டியதைச் சொல்றேன், மண்டையில ஏத்திக்க. வாசல் பல்பை ராத்திரி அணை, இல்லாட்டி மஞ்சளா ஒண்ணு மாட்டு. கதவுக்கு அடியில இருக்கிற சந்தை அடை. விறகுக் குவியலையும் செங்கல் அடுக்கையும் சுவத்தை ஒட்டி வெக்காத. செருப்பை உதறிட்டுப் போடு. ராத்திரி வெளிய போனா டார்ச் எடுத்துக்கிட்டுப் போ, கொசுவலை கட்டிக் கட்டில்ல படு. இதெல்லாம் தேளுக்கும் பாம்புக்கும். இந்த ஒட்டகச் சிலந்தி வந்துச்சுன்னா டம்ளரைக் கவுத்து, அடியில ஒரு கல்யாணப் பத்திரிகையைச் சொருகி, கொல்லைக் கோடியில விட்டுடு. போன வருசம் உனக்கு வந்த பத்திரிகை எல்லாம் மொய் வெக்காம வெறுமனே கிடக்குதே, இதுக்காவது ஆகட்டும்.

வாட்ஸ்அப் விசயத்துக்கும் ஒரு வழி சொல்றேன். 'நேத்து நான் அனுப்பினது பொய்'னு போட்டா ஒருத்தனும் படிக்க மாட்டான். அதனால இப்படிப் போடு: 'அதிர்ச்சி! கடத்தூரில் ஆளைக் கொல்லாத பூச்சி சிக்கியது! தேளைத் தின்னும் பயங்கரம்! டிலீட் ஆவதற்குள் படியுங்கள்!' உள்ள உண்மையை எழுது. திருப்பூர்ல இருக்கிற உங்க மாமன் மொத ஆளா அனுப்புவான். உண்மையும் பொழைக்கணும்னா கொஞ்சம் வேசம் கட்டத்தான் வேணும். இந்தப் பூச்சியே அப்படித்தானே பொழைச்சுக்கிட்டு இருக்குது.

சரி, பத்திரிகையை அடியில சொருகு. கை நடுங்குதுடா, மெதுவா. கண்ணை மூடிக்கிட்டுப் போனா வாய்க்கால்ல விழுவ, தெறந்து வெச்சுக்க. சாமிக் கல்லைத் தாண்டி அந்தக் கரையான் புத்து ஓரத்துல விட்டுட்டு வா. வெயில் ஏறிடுச்சு, அது உன் நெழலுக்குள்ளதான் வரும், ஓடாத. ஓடினா உன் மானம் போறதைப் படம் புடிக்க எதிர் வீட்டுக்காரன் மாடியில நிக்கிறான்.

வர்றப்போ சந்தைப் பக்கம் போயி, எனக்கு ஒரு கவுளி வெத்தலை வாங்கிக்கிட்டு வந்துடு, அதுதான் நான் சொன்ன கூலி. வெத்தலை வெலை ஏறிக் கெடந்தா அரைக் கவுளி போதும், நான் ஒண்ணும் பேராசைக்காரன் இல்ல. கொழுந்தாப் பாத்து வாங்கு. கடைக்காரன் மேல பெரிய எலையா அடுக்கி வெச்சு, 'தம்பி, உனக்காக எடுத்து வெச்சேன்'னு சிரிப்பான். அவன்கிட்ட வாங்காத.